ஏர் ரைஃபிளில் ஸ்கோப் மாட்டுவது: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் என்று நம் பக்கத்தில் தோட்டத்துக்குள் காகிதக் குறி வைத்துச் சுடும் பழக்கம் கூடிவிட்டது. கூடவே ஒரே புலம்பலும் வருகிறது: "ஸ்கோப் நிற்கவே மாட்டேங்குதுங்க, நேத்து வச்ச குறி இன்னைக்கு இல்லீங்க." ஸ்கோப் என்பது குறி பார்க்கும் தொலைநோக்கி, மவுன்ட் என்பது அதைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் தாங்கி. ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் மவுன்டையும் திருகுகளையும் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்யத் தேவையான சாமான்களில் பாதி, பட்டறை வைத்திருக்கும் பங்காளி வீட்டிலேயே கிடைக்கும்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

துளை 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேல் போகாமலும், குழல் வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். 0.22 துளை ஏர் ரைஃபிளை "சும்மா காற்றுத் துப்பாக்கிதானே" என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். வாங்கும்போது பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது கேட்டால் வாய்ப்பேச்சைவிட அந்தக் காகிதம் உதவும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த வகை ஏர் ரைஃபிளை மனதில் வைத்துத்தான். உரிமம் உள்ள பெரிய ரைஃபிளுக்கும் முறை ஒன்றேதான். ஆனால் அதில் துளை போடுவது, மரை வெட்டுவது எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையின் வேலை.

என்னென்ன சாமான் வேண்டும்?

கட்டாயம் வேண்டியவை: திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீ அல்லது டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை), குறைந்த அளவில் வேலை செய்யும் டார்க் ஸ்குரூ டிரைவர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுவது), சின்ன ரசமட்டம் ஒன்று, தூக்குக் குண்டு, வெர்னியர், ஃபில்லர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்), ரைஃபிளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு தாங்கி. தாங்கிக்கு என்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். அட்டைப் பெட்டியின் இரண்டு ஓரத்திலும் 'வி' போல வெட்டி, பழைய துண்டு போர்த்தினால் போதும். வைஸில் பிடிப்பதானால் இரண்டு பக்கமும் தோலோ கனமான ரப்பரோ கொடுத்து, மரக் கட்டைப் பகுதியைத்தான் பிடிக்க வேண்டும். குழலைப் பிடிக்கக் கூடாது.

டார்க் டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பைக் பட்டறையில் இருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு உதவாது. அது தொடங்கும் அளவே இந்தத் திருகுகளைத் திருகி எறிந்துவிடும். நமக்கு வேண்டியது 1 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்னது. துப்பாக்கிச் சாமான்களில் பல 'இன்ச் பவுண்டு' கணக்கில் எழுதியிருக்கும். 1 நியூட்டன் மீட்டர் என்பது 8.85 இன்ச் பவுண்டு. 15 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து 15 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் திருகின் தலை கையோடு வந்துவிடும்.

ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நல்ல மவுன்டும் இந்த டிரைவரும் வாங்குங்கள். மோசமான மவுன்டில் மாட்டிய விலை உயர்ந்த ஸ்கோப்பைவிட, ஒழுங்கான மவுன்டில் மாட்டிய நடுத்தர ஸ்கோப் நேராகச் சுடும்.

என் ரைஃபிளுக்கு எந்த மவுன்ட் சேரும்?

ரெயிலை, அதாவது துப்பாக்கியின் மேல் மவுன்ட் பிடிக்கும் தடத்தை, வெர்னியரால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் (இரு பக்கமும் சாய்வாக வெட்டிய தடம்) இருக்கும். பேச்சுக்கு 11 என்கிறோம், சில துப்பாக்கிகளில் 9.5 இருக்கும், சிலவற்றில் 13 தாண்டும். இன்னொரு வகை பிகாட்டினி: மேல் அகலம் 21.2 மி.மீ., குறுக்கே வரிசையாக 5.2 மி.மீ. வாய்க்கால்கள், ஒன்றுக்கொன்று 10 மி.மீ. தூரம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. இடையில் அடாப்டர் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் தளர்வதற்கு இன்னொரு இடத்தை நாமே உண்டாக்கிய மாதிரி ஆகும்.

ஸ்கோப்பின் குழாய் விட்டத்தையும் பாருங்கள். 25.4 மி.மீ. (ஒரு இன்ச்) அல்லது 30 மி.மீ. என்று இருக்கும். மவுன்டில் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்தான் ரிங். 30 மி.மீ. ரிங்கில் ஒரு இன்ச் ஸ்கோப்பை டேப் சுற்றி மாட்டும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி, அதாவது குழலை மடக்கிச் சுடும் பிரேக் பேரல் வைத்திருந்தால், இரண்டு ரிங்கும் ஒரே அடிப்பாகத்தில் இருக்கும் ஒன்பீஸ் மவுன்ட்தான் நல்லது. கீழே ஸ்டாப் பின் (மவுன்ட் நகராமல் தடுக்கும் முள்) இருக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். காற்றுச் சிலிண்டர் வைத்த பிசிபிக்கு எதுவானாலும் சரி, அதில் உதைப்பே இல்லை என்று சொல்லலாம்.

ரிங் உயரம் எவ்வளவு?

ஸ்கோப்பின் முன்பக்க வாய் ரைஃபிளில் எங்கேயும் படாமல், 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 40 மி.மீ. லென்ஸ் என்றால் அதன் வெளிவிட்டம் 48 மி.மீ. அளவில் இருக்கும். ஆக, குழாயின் நடுமையத்திலிருந்து 24 மி.மீ. கீழே வரும். அதோடு இடைவெளியைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. பிசிபியில் மேகசின் (குண்டுகளை அடுக்கும் பெட்டி) ரெயிலைவிட உயர்ந்து நிற்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கன்னம் கட்டையில் படியாமல், தாடையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தால் உயரம் அதிகம்.

சரிங்க, மாட்டும் வேலையை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்.

துப்பாக்கி காலியா என்று பாருங்கள். பிரேக் பேரல் என்றால் மடக்கி, குழலுக்குள் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடுங்கள். பிசிபி என்றால் மேகசினைக் கழற்றி வேறு மேஜையில் வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கும் நேரத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

பிறகு ரெயிலைத் துடையுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே எண்ணெய் பூசியிருக்கும். மவுன்ட் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நகரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ரெயிலையும், மவுன்டின் அடியையும், ரிங்கின் உட்புறத்தையும், திருகுகளையும் துடைத்துக் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல் எல்லாம் லென்ஸ் பக்கத்தில் வேண்டாம்.

ரிங்குகளைப் பிரிக்கும் முன் எந்த மூடி எந்த ரிங்குடையது, எந்தப் பக்கம் முன்னால் என்று மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பல ரிங்குகளை மூடியோடு சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது.

இப்போது அடிப்பாகத்தை ரெயிலில் வைத்து இறுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் ரெயிலின் பின்பக்கம் சின்னக் குழி இருக்கும். ஸ்டாப் பின் அதற்குள் இறங்க வேண்டும். இறங்கியதும் மவுன்டைப் பின்னால் தள்ளி, அந்த ஸ்டாப் பின் குழியின் பின்சுவரில் முட்டிய நிலையில் இறுக்குங்கள்.

ஸ்கோப்பை ரிங்கின் மேல் வைத்து, மூடிகளைப் போட்டு, திருகுகளைப் பிடித்தும் பிடிக்காமலும் விடுங்கள். ஸ்கோப் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும், கடகடவென்று ஆடக் கூடாது. இந்த நிலையில் கண் தூரம் பார்க்க வேண்டும். ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகச் சுடும் நிலையில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். காட்சி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கருப்பு வளையம் வந்தால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், தலையை நகர்த்தாதீர்கள். பெரும்பாலும் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 75 முதல் 100 மி.மீ. வரை வரும். உட்கார்ந்து சுடுபவர் உட்கார்ந்தே பாருங்கள். மேஜையில் வைத்து அளந்த தூரம், கயிற்றுக் கட்டிலில் படுத்துச் சுடும்போது பொருந்தாது.

இதற்குப் பிறகுதான் மட்டம் பார்ப்பது. அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன். கடைசியில்தான் முழு இறுக்கம்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கம்பியை நேராக நிறுத்துவது எப்படி? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்பது வேலைக்கு ஆகாது. நாம் துப்பாக்கியைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது வழக்கம், கண்ணும் அந்தச் சாய்வுக்குப் பழகிவிடும். ஸ்கோப்பின் மேல் மூடியில் ரசமட்டத்தை வைப்பதும் அரைகுறைதான். அந்த மூடி உள்ளே இருக்கும் கம்பிக்குச் செங்குத்தாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. உள்ளே இருக்கும் கம்பியையே நேரடியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டைவிட நம்பகமான சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ரசமட்டத்தைச் சோதியுங்கள். ஒரு இடத்தில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் அப்படியே திருப்பி வையுங்கள். குமிழ் வேறு பக்கம் போனால் அந்த ரசமட்டத்தைத் தூக்கிப் போடுங்கள்.

ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ரெயிலின் மேல் குறுக்காகத் தட்டையான ஒரு இரும்புத் துண்டை வையுங்கள். லேத்தில் வேலை செய்பவரிடம் கேட்டால் பேரலல் பிளாக் ஒன்று தருவார். அதன் மேல் ரசமட்டம். குமிழ் நடுவில் வரும்வரை ரைஃபிளைச் சாய்த்துச் சரிசெய்து, அசையாமல் பிடிமானம் கொடுங்கள்.

15, 20 மீட்டர் தள்ளி, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் கறுப்பு நைலான் நூலில் தூக்குக் குண்டைத் தொங்கவிடுங்கள். மாட்டுக் கொட்டகை விட்டம் இதற்குத் தோதான இடம். காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாளி தண்ணீருக்குள் குண்டு மூழ்கும்படி வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும், ஆனால் குண்டு வாளியின் அடியில் படக் கூடாது. இப்போது ஸ்கோப் வழியே பார்த்து, நெட்டுக்கம்பி நூலின் மேல் அச்சாக விழும்வரை ஸ்கோப்பை மட்டும் ரிங்குக்குள் மெல்லத் திருப்புங்கள். கம்பியும் நூலும் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகிவிட்டால் வேலை முடிந்தது. ரெயிலில் ரசமட்டம் இன்னும் நடுவில் நிற்கிறதா என்று மறுபடி ஒரு பார்வை.

இறுக்கும்போது ஸ்கோப் சற்றுத் திரும்பும். ஒரு பக்கத் திருகை முதலில் முழுசாக இறுக்கினால் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நான்கு மூலையையும் குறுக்காக மாற்றி மாற்றி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். மூடிக்கும் ரிங்குக்கும் நடுவே தெரியும் இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அங்கேதான் ஃபில்லர் கேஜுக்கு வேலை. நடுநடுவே நூலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாதியில் விலகியது தெரிந்தால் தளர்த்தி மறுபடி ஆரம்பிப்பது சுலபம். முழுதும் இறுக்கிய பிறகு ஸ்கோப்பைக் கையால் முறுக்கித் திருப்பக் கூடாது.

ஏனுங்க, கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

10 மீட்டரில் மட்டும் சுடுகிறீர்களா? ஒன்றும் முழுகாது. தூரம் கூடக்கூடத்தான் தெரியும். நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும் சாதாரண பெல்லட் 25 மீட்டர் போய்ச் சேர்வதற்குள், குழல் பார்த்த கோட்டிலிருந்து சுமார் 6 செ.மீ. விழுகிறது. அதை ஈடுகட்டத்தான் குழலைச் சற்று மேல் நோக்கி வைக்கிறோம். துப்பாக்கி 5 டிகிரி சாய்ந்தால் அந்த 6 செ.மீ. ஏற்றம் நேர் மேலே போகாமல் பக்கவாட்டிலும் போகும். 5 மி.மீ. அளவுக்கு விலகல். அதாவது ஒரு பெல்லட்டின் தடிமனுக்குச் சற்று மேல். 50 மீட்டரில் விழும் தூரம் பல மடங்காகிறது, விலகலும் அதே கணக்கில் ஏறும். ஒரு தூரத்தில் இடவலம் சரியாகப் படும், தூரத்தை மாற்றினால் ஒரு பக்கமாகவே இழுக்கும் என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இந்தச் சாய்வுதான்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

மவுன்டோடு வந்த தாளில் எண் இருந்தால் அதுதான் வேதம். தாளே இல்லை என்றால் ரிங் மூடித் திருகுகளுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் (15 முதல் 18 இன்ச் பவுண்டு) என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நான் கீழ் அளவிலேயே நிறுத்துகிறவன். அடிப்பாகத்தைப் பிடிக்கும் திருகுகளுக்கு இதைவிடக் கூடுதல் வேண்டும், ஆனால் அது இரும்பா அலுமினியமா, டவ்டெயிலா பிகாட்டினியா என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். அதற்கு ஒரே எண்ணைச் சொல்லி உங்கள் மரையை அழிக்க எனக்கு மனசில்லை. செய்தவரின் தாளைத் தேடிப் பிடியுங்கள்.

ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம். அதிகம் இறுக்கினால் உள்ளே குறுக்குக்கம்பியைத் தாங்கும் குழல் நகர இடமில்லாமல் சிக்கிக்கொள்ளும். குறியை நகர்த்த ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் டரட் என்ற திருகியைக் கிளிக் கிளிக்காகத் திருப்புவீர்கள், குறி நகராது. நாலைந்து முறை சுட்டபின் திடீரென்று குதிக்கும். "ஸ்கோப் போச்சு" என்று திருப்பி அனுப்புவதில் இந்த வகை நிறைய.

டார்க் டிரைவர் கைக்கு வரும்வரை ஒரு வழி: ஆலன் கீயின் நீளமான பக்கத்தைத் திருகுக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். விரல் வலிக்கும் முன் நிறுத்துங்கள். வழக்கமாகப் பிடிப்பது போல நீளப் பக்கத்தைக் கையில் பிடித்தால் எவ்வளவு பலம் போகிறது என்று நமக்கே தெரியாது.

திருகில் லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடலாமா?

ரெயிலைத் துப்பாக்கியோடு பிடிக்கும் திருகுகளுக்கு நீல நிறத்தது ஒரு சொட்டு போடலாம். ரிங் மூடிக்கு வேண்டாம். ஈரமாக இருக்கும் மரை வழுக்கும், அதே டார்க்கில் திருகு கூடுதலாக இறங்கிவிடும். சிவப்பு நிறத்தது எதற்கும் வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், ஸ்கோப்புக்குப் பக்கத்தில் அந்த வேலை ஆகாது.

ரிங்கை லேப்பிங் செய்தே ஆக வேண்டும் என்கிறார்களே?

கோவைக்காரர்களிடம் லேப்பிங் என்று சொன்னால் உடனே கை பரபரக்கும். பொறுங்கள். ரிங்கின் உட்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் அந்த வேலை, இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் இல்லை என்றால்தான் தேவை. ஒன்பீஸ் நல்ல மவுன்டில் இரண்டு ரிங்கையும் ஒரே பிடியில் கடைந்திருப்பார்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

சோதிப்பது சுலபம். மூடிகளைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பைக் கீழ் ரிங்குகளில் படுக்கவையுங்கள். ஒரு முனையை மெல்ல அமுக்கினால் மறுமுனை எழும்புகிறதா? எழும்பினால் ஒரு ரிங் தாழ்ந்திருக்கிறது அல்லது கோணலாக இருக்கிறது. துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் நேராகக் கடைந்த 25.4 மி.மீ. தண்டில் மார்க்கிங் புளூ தடவி ரிங்குகளில் உருட்டுங்கள். எங்கே நிறம் ஒட்டுகிறது என்று பார்த்தால் கதை தெரிந்துவிடும். முக்கால் பாகத்துக்கு நிறம் பிடித்தால் விட்டுவிடலாம். ஒரு ஓரத்தில் மட்டும் கோடு போல ஒட்டினால் அதே தண்டில் நைசான லேப்பிங் பேஸ்ட் தடவி முன்னும் பின்னும் தேய்க்கலாம். அடிக்கடி துடைத்துப் பாருங்கள், எடுத்த உலோகம் திரும்பி வராது. முடிந்ததும் பேஸ்ட் துளிகூட இல்லாமல் கழுவ வேண்டும், இல்லையென்றால் அது ஸ்கோப்பையும் தின்னும்.

உள்ளே பிளாஸ்டிக் வளையம் வைத்த ரிங்குகளில் லேப்பிங் கூடாது. அந்த வளையமே கோணலைச் சரிசெய்துகொள்ளத்தான் இருக்கிறது.

இரண்டு கூர்முனைத் தண்டுகளை ரிங்குக்கு ஒன்றாக மாட்டி, முனைகள் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்க்கும் செட்டும் விற்கிறார்கள். முனைகள் சந்தித்தும் ரிங்குகள் கோணலாக இருக்க முடியும். தண்டுகளைத் திருப்பிப் போட்டு, தட்டையான முனைகளைச் சேர்த்துப் பாருங்கள், இடுக்கு ஒரு பக்கம் அகன்றிருந்தால் கோணல் தெரிந்துவிடும்.

நம்மூர் லேத்திலேயே மவுன்ட் செய்துகொள்ளலாமா அண்ணா?

கணபதியிலோ பீளமேட்டிலோ மோட்டார் பம்ப் பாகம் கடையும் ஒரு நல்ல கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் வரைபடம் இல்லாமல் "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று போகாதீர்கள். மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, மூடியை வெட்டிப் பிரித்து, நடுவே அரை மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் திருகிவிட்டு, அப்புறம் துளை கடைய வேண்டும். ஷிம்மை எடுத்தபின் அந்த அரை மி.மீ.தான் இறுக்குவதற்கான இடம். முழு வட்டமாகக் கடைந்துவிட்டு வெட்டினால் ரம்பம் தின்ற அளவுக்கு வட்டம் நசுங்கும். இரண்டு, இரண்டு ரிங்கையும் ஒரே பிடியில், ஒரே ஓட்டத்தில் கடைய வேண்டும். கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் போச்சு. மூன்று, டவ்டெயில் கோணம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். உங்கள் ரெயிலை அளந்துதான் வெட்ட வேண்டும். அதற்காகத் துப்பாக்கியைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அளவை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று இரண்டுக்காகச் செய்தால் கடை விலையைவிட அதிகம் ஆகும். ஆசைக்குச் செய்யலாம், மிச்சத்துக்குச் செய்ய முடியாது.

எவ்வளவு கிளிக் ஏற்றினாலும் கீழேயே படுகிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

பிரேக் பேரலில் இது சகஜம். மடங்கும் குழல் மூடிய நிலையில் ரெயிலுக்கு இணையாக இல்லாமல் சற்றே கீழ் நோக்கி இருக்கும். ஸ்கோப்பை முட்ட முட்ட ஏற்றிச் சமாளிக்கலாம்தான், ஆனால் கடைசி எல்லையில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அதனால் குறி நிலையாக நிற்காது.

கணக்கு எளிது. இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. என்றால், பின் ரிங்குக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் வைத்தால் 25 மீட்டரில் குறி 2.5 செ.மீ. மேலே ஏறும். 5 செ.மீ. கீழே பட்டால் 0.2 மி.மீ. போதும். பழைய போட்டோ நெகட்டிவ் ஒரு துண்டை வெட்டி ஸ்கோப்புக்கும் கீழ் ரிங்குக்கும் நடுவே வைப்பது பலரும் செய்யும் வழி. அதற்கு மேல் ஷிம் அடுக்கினால் குழாய் வளைந்து ரிங் ஓரம் பதிந்துவிடும். 25 மீட்டரில் 10 செ.மீ. அளவுக்குக் கீழே பட்டால் ஷிம்மை விட்டுவிட்டு, பின்பக்கம் உயர்த்திக் கடைந்த டிரூப் மவுன்ட் வாங்குங்கள்.

ஷிம் வைக்கும் முன் ஸ்கோப்பை அதன் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, ஸ்கோப்பின் முன் வாயை ஒரு முகக்கண்ணாடியில் தட்டையாக ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். குறுக்குக்கம்பியும் அதன் பிம்பமும் இரண்டாகத் தெரியும். இரண்டும் ஒன்றாகும்வரை மேல் டரட்டையும் பக்க டரட்டையும் திருப்புங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்கோப் பின்னால் பின்னால் நகர்கிறது.

சாதாரண ரைஃபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் போய், பிஸ்டன் முனையில் போய் நின்றதும் சட்டென்று முன்னால் பாயும். துப்பாக்கி முன்னால் பாயும்போது ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அதனால் ரெயிலில் பின்னால் வழுக்குகிறது. ஸ்டாப் பின் இதற்காகத்தான். எண்ணெயைத் துடைத்துவிட்டு, பின்னைப் பின்சுவரில் முட்டவைத்து இறுக்கினால் நின்றுவிடும். பெரிய ரைஃபிளுக்கென்றே செய்த சில ஸ்கோப்புகள் இந்த இரட்டை உதைப்பில் உள்ளே உடைந்துவிடும். வாங்கும்போது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, "டிரிகரைச் சும்மா பார்க்கிறேன்" என்று பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுடாதீர்கள். காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும்.

தலையை அசைத்தால் குறுக்குக்கம்பியும் அசைகிறதே?

அது பேரலாக்ஸ். மாட்டியதில் தப்பில்லை. 100 கஜத்துக்கென்று நிலையாக அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில் 10 மீட்டர் குறியைப் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது குறி 18 மி.மீ. வரை தப்ப வாய்ப்புண்டு. கிட்டத்துக்குத் திருப்பிச் சரிசெய்யும் வசதி, முன் வாயிலோ பக்கத்திலோ இருக்கும் ஸ்கோப்தான் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது. இல்லாத ஸ்கோப் வைத்திருந்தால் கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியுங்கள், அதுவே பாதி மருந்து.

ஜீரோ வைக்க, அதாவது குறி பார்த்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்ய, நல்ல நேரம் எது?

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை வரை காற்றாலைகளைச் சுற்றவிடுகிறது. அந்தக் காற்று பெல்லட்டை விட்டுவைக்குமா? 25 மீட்டரில் 2, 3 செ.மீ. பக்கமாகத் தள்ளுவது சர்வ சாதாரணம். காற்றடிக்கும்போது ஜீரோ வைத்தால் காற்றுக்கு ஜீரோ வைத்த கணக்குத்தான். விடிந்ததும், தென்னை ஓலை ஆடாத நேரத்தில் வையுங்கள்.

முதலில் 10 மீட்டரில் பெரிய அட்டை. பின்னால் மண்மேடோ கனமான மரப்பலகையோடு பெல்லட் பிடிக்கும் பெட்டியோ இருக்க வேண்டும். காம்பவுண்டுச் சுவரும் தகரமும் வேண்டாம், பெல்லட் திரும்பி வரும். பார்ப்பவர் உட்பட எல்லோருக்கும் கண்ணாடி. ஐந்து பெல்லட்டுகளைச் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் கிளிக் திருப்ப வேண்டும். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் திருப்பினால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் என்றால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7 மி.மீ. 10 மீட்டரில் 2 செ.மீ. தள்ள வேண்டுமானால் 28 கிளிக். பத்து கிளிக் திருப்பிவிட்டு "அசையவே இல்லையே" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

10இல் சரியானதும் 25க்குப் போய் மறுபடி. பெல்லட் பிராண்டை மாற்றினால் ஜீரோவும் மாறும்.

போட்டிக்குப் போகும் என் மகளுக்கும் ஸ்கோப் மாட்டித் தரலாமா?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி என்றால் வேண்டாம், அங்கே தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அனுமதியில்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் சின்னத் துளை வழியே பார்க்கும் பீப் சைட்டில்தான், அதுவும் அரை மி.மீ. பத்துப் புள்ளியை நோக்கி. பாப்பாவைப் பதிவு பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள், பயிற்சியாளர் சொல்வதை வாங்கிக்கொடுங்கள்.

மயில் நிலக்கடலையை அழிக்கிறது. ஸ்கோப் வைத்தால்...

வேண்டாம். பயிர் போகும் வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது, சிறைத் தண்டனை உண்டு. முயல், கவுதாரிக்கும் அதே சட்டம். வனத்துறையில் மனு கொடுங்கள், வலை கட்டுங்கள். இங்கே எழுதியதெல்லாம் காகிதக் குறிக்காகத்தான்.

ஒரு முறை மாட்டினால் மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

முதல் டப்பா பெல்லட் தீர்வதற்குள் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் டார்க் டிரைவரால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ரிங்கும் ஸ்கோப்பும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு, மவுன்டும் ரெயிலும் சேரும் இடத்தில் இன்னொரு கோடு. கோடு முறிந்திருந்தால் நகர்ந்திருக்கிறது, முறியாமல் இருந்தால் கோளாறு வேறு எங்கோ. சித்திரை வெயிலில் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டால் வீட்டில் துடைத்துப் போகாது.

டரட் மூடிக்கு அடியில் இப்போதைய எண் என்ன என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த மச்சான் சும்மா திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாலும் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.